அளவெடுத்துத் தைக்கும் மருத்துவச் செருப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய், தொழுநோய், போலியோ, விபத்து, பிறவிக் குறை என்று பல காரணங்களால் பாதம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செருப்பு செய்யும் எங்கள் இடத்தில், அளவு கொடுக்க வருபவர்களும் கூட வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உணர்ச்சி குறைந்த காலைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். கால் பறிபோகும் அபாயம் அங்கேதான் அதிகம்.

யாருக்கு இந்தச் செருப்பு வேண்டும்?

மூன்று வகைக் கால்கள் எங்களிடம் வருகின்றன. உருவம் சரியாக இருந்தாலும் உணர்ச்சி போன கால் ஒன்று. சர்க்கரையும் தொழுநோயும் இதற்கு முக்கியமான காரணங்கள். உணர்ச்சி இருந்தும் உருவம் மாறிய கால் இன்னொன்று: போலியோவில் சூம்பிய கால், எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்த கால், யானைக்கால் வீக்கம், பக்கவாட்டில் துருத்திய கட்டைவிரல். மூன்றாவது வகையில் இரண்டும் சேர்ந்திருக்கும். விரல் மடங்கி, எலும்பு துருத்தி, உணர்ச்சியும் இல்லாத கால் அது. முன்பே ஒரு முறை புண் வந்து ஆறிய காலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை புண் வந்த இடத்தில் மறுபடி வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். அளவெடுத்துத் தைப்பது கட்டாயம் என்று நான் சொல்வது இந்த மூன்றாவது வகைக்குத்தான்.

கடையில் "டாக்டர் செப்பல்", "எம்.சி.ஆர். செப்பல்" என்று விற்கிறார்களே, அது போதாதா?

பலருக்குப் போதும். காலின் உருவம் மாறாமல், புண் எதுவும் வராமல், உணர்ச்சி மட்டும் குறைந்திருந்தால், நல்ல ஆயத்தச் செருப்பே வேலையைச் செய்துவிடும். எல்லாரையும் அளவெடுத்துத் தைக்கச் சொல்வது வீண் செலவு.

ஆனால் எம்.சி.ஆர். என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பெயரில் வருவதில் சாதாரண ஃபோம் ஷீட்டும் நிறைய இருக்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உள்ளடியை, அதாவது பாதம் படும் உள்மெத்தையை, கிள்ளி அழுத்திப் பாருங்கள். கிட்டத்தட்ட பாதி தடிமனுக்கு அமுங்க வேண்டும், விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் அது கெட்டி. ஒரேயடியாகத் தட்டையாகிவிட்டால் உடம்பு எடை ஏறியதும் கால் நேராகத் தரையில் நிற்பது போல ஆகிவிடும்.

அப்புறம் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் சோல் கெட்டியாக இருக்க வேண்டும். முள்ளும் ஆணியும் உள்ளே ஏறாமல் தடுப்பது அதுதான். உள்ளே எங்கேயும் ஆணி அடித்திருக்கக் கூடாது. ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் பெல்ட் இருக்க வேண்டும். இரண்டு விரல்களுக்கு நடுவே வார் வரும் ரப்பர் செருப்பும், கட்டைவிரலை நுழைக்கும் வளையம் வைத்த தோல் செருப்பும் உணர்ச்சி இல்லாத காலுக்கு ஆகாது. விரலிடுக்கில் உராய்ந்து புண்ணாவது ஒரு பக்கம். செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தாலும் தெரியாது என்பது இன்னொரு பக்கம். ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலில் வீடு வரை நடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எம்.சி.ஆர். என்பது என்ன? யார் கண்டுபிடித்தது?

ரப்பரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கும்படி செய்வது. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15 இருப்பதைத்தான் பாதத்துக்கு ஏற்றது என்று கொள்கிறார்கள்.

இதன் கதை வேலூர்ப் பக்கத்துக் கதை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கால்புண் நோயாலேயே வருவது, சதை தானாக அழுகுகிறது என்று அன்றைக்குப் பரவலாக நம்பினார்கள். அவர் பார்த்தது வேறு. நமக்குக் கால் வலித்தால் நாமே அறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம், எடையை வேறு இடத்துக்குத் தள்ளுகிறோம், நொண்டுகிறோம். வலி தெரியாதவர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே போகிறார். ஒரு அடியில் எந்தக் கெடுதியும் செய்யாத அழுத்தம், ஆயிரக்கணக்கான அடிகள் அதே இடத்தில் விழும்போது உள்ளே சதையை நசுக்கிப் புண்ணாக்குகிறது. அந்தக் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பியதும் புண் ஆறியது. கட்டைப் பிரித்து மறுபடி நடக்க ஆரம்பித்ததும் திரும்ப வந்தது.

ஆக, ஆறிய காலைக் காப்பது செருப்பின் பொறுப்பு என்று ஆனது. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் மரம், பிளாஸ்டிக் என்று பலவற்றையும் சோதித்துத்தான் இந்த நுண்ணறை ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இங்கே கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்தியது. நம் ஊர் உழைப்பாளிகளின் பாதங்களைப் பார்த்துக் கற்றது, உலகம் முழுக்கச் சர்க்கரைக் கால் மருத்துவத்தில் இன்று பயன்படுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

என் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எனக்கு எரிச்சல் இருக்கிறதே, அப்படியென்றால் உணர்ச்சி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. நரம்பு பாதிக்கப்பட்ட காலில் எரிச்சலும் குத்தலும் இருக்கும், அதே காலில் முள் ஏறினால் தெரியாது. இரண்டும் ஒரே காலில் இருக்க முடியும்.

மருத்துவமனையில் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளைந்துவிடும். அந்த அளவு தொடுவதே தெரியவில்லை என்றால், காலுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான உணர்ச்சி போய்விட்டது என்று பொருள்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது காலைச் சோதித்துக்கொள்வது நல்லது.

அப்பாவுக்குக் காலில் புண் இருக்கிறது. இந்தச் செருப்பு போட்டால் ஆறிவிடுமா?

ஆறாது. புண்ணோடு வருபவர்களுக்கு நாங்கள் அளவு எடுப்பதில்லை. திறந்த புண் உள்ள கால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த ஓட்டம் இருக்கிறதா, எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டியவர் அவர். ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்து, பெரிய தொற்றும் இல்லை என்றால், உள்ளங்காலில் இருக்கும் புண்ணுக்குப் பாதம் முழுவதையும் ஒட்டியபடி முழங்காலுக்குக் கீழ் வரை போடும் மாவுக்கட்டு நல்ல வைத்தியம். எடை ஒரே இடத்தில் விழாமல் பரவும்.

புண் ஆறி, மேல்தோல் மூடி, கால் அமைதியானதும் வாருங்கள். முடிந்தால் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வந்து சொல்லி வைத்தால், கட்டு பிரித்த உடனே செருப்பு தயாராக இருக்கும்படி ஏற்பாடு செய்யலாம். கட்டு பிரித்ததற்கும் செருப்பு கைக்கு வருவதற்கும் நடுவே பழைய ரப்பர் செருப்பில் நடக்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. தோல் புதிது, அடியில் சதை இன்னும் உறுதிப்படவில்லை.

அளவு எப்படி எடுப்பீர்கள்? காலை வரைந்து அனுப்பினால் போதாதா?

போதாது. காகிதத்தில் வரைந்தால் நீளமும் அகலமும் கிடைக்கும். எங்களுக்கு வேண்டியது உயரமும் அடிப்பக்கத்து மேடுபள்ளமும். மடங்கிய விரலின் முட்டி மேலே எவ்வளவு தூக்கியிருக்கிறது, முன்பாதத்தில் எந்த எலும்பு கீழே முட்டுகிறது என்பதெல்லாம் காகிதத்தில் வராது.

முதலில் பழைய செருப்பைக் கேட்போம். அது எங்கே தேய்ந்திருக்கிறது, உள்ளடியில் எந்த இடம் குழிந்திருக்கிறது என்று பார்த்தாலே அவர் நடக்கும் விதம் பாதி தெரிந்துவிடும். அதனால் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள், தினமும் போடும் பழசையே கொண்டு வாருங்கள். அப்புறம் காலைத் தடவிப் பார்ப்போம். காய்ப்பு இருக்கும் இடமெல்லாம் அழுத்தம் விழும் இடம். காய்ப்புக்கு நடுவே கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, புண் வரப்போகிறது என்று பொருள். புறங்கையால் இரண்டு கால்களையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தொட்டால், ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருப்பது தெரியும். வெப்பமானியில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அங்கே அழற்சி இருக்கலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

அதற்குப் பிறகுதான் டேப். முன்பாதச் சுற்றளவு, பாதத்தின் மேல்மேட்டுச் சுற்றளவு, குதிகாலில் இருந்து கணுக்கால் மடிப்பு வரை. உருவம் அதிகம் மாறிய காலுக்கு மாவுக்கட்டால் அச்சு எடுப்போம் அல்லது அமுங்கும் ஃபோம் பெட்டியில் காலை வைத்துப் பதிய வைப்போம். அந்த அச்சின் மேல்தான் உள்ளடியை வார்ப்பது.

அளவு எடுக்கப் பிற்பகலில் வருவது நல்லது. சாயங்காலம் ஆக ஆகக் கால் வீங்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் செருப்பு மாலையில் இறுக்கும். உள்நீளம் காலைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். நின்றபடி போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று: உணர்ச்சி குறைந்தவர்கள் இறுக்கமான செருப்பைத்தான் "சரியாக இருக்கிறது" என்பார்கள், ஏனென்றால் இறுக்கினால்தான் அவர்களுக்குச் செருப்பு இருப்பதே தெரியும். அவர்கள் சொல்வதை மட்டும் வைத்து அளவை முடிவு செய்யக் கூடாது.

செருப்பின் அடி படகு போல வளைந்து வந்திருக்கிறது. தவறாகச் செய்துவிட்டீர்களா?

தெரிந்தேதான் அப்படிச் செய்தோம். இதை ராக்கர் சோல் என்போம். நடக்கும்போது குதிகால் எழுந்து, முன்பாதம் மடங்கி, விரல்களால் உந்தும் அந்தக் கணத்தில்தான் முன்பாத எலும்புகளின் மேல் மிக அதிக அழுத்தம் விழுகிறது. அடியைக் கெட்டியாக்கி வளைத்துவிட்டால் பாதம் மடங்காமலே உருண்டு முன்னேறும். முன்பாதத்தில் புண் வந்து ஆறியவர்களுக்கு இது பெரிய உதவி. வளைவு தொடங்கும் இடம் முன்பாத எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அது தவறினால் பலன் இல்லை. தடுமாற்றம் உள்ள வயதானவர்களுக்கு இந்த வளைவைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். அதனால் தலைசுற்றல், பார்வைக் குறைவு இருந்தால் அளவு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர். ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கிறது. புண் இல்லை, வலியும் அதிகம் இல்லை. பெரிய செருப்பாகச் செய்து தருவீர்களா?

செருப்பை விடுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அதுவரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம். இது சார்க்கோ பாதமாக இருக்கலாம். உணர்ச்சி போன காலில் எலும்புகளும் மூட்டுகளும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கும் நிலை அது. சீழ் பிடித்த கால் என்றோ, சுளுக்கு என்றோ, ரத்தக்குழாய் அடைப்பு என்றோ தவறாக எடுத்துக்கொள்ள நேர்வதும் உண்டு. வலி இல்லையே என்று நடந்துகொண்டே இருந்தால் பாத வளைவு சரிந்து, உள்ளங்கால் கீழ்நோக்கிப் புடைத்துவிடும். அப்புறம் அந்தப் புடைப்பில் புண் வரும். ஆரம்பத்திலேயே கட்டு போட்டு எடை ஏற்றாமல் வைத்தால் பாதத்தின் உருவத்தைக் காப்பாற்றிவிடலாம். பல மாதம் ஆகலாம். சூடு முழுக்கத் தணிந்த பிறகுதான் செருப்புக்கு அளவு.

விரல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் காலுக்குச் சாதாரணச் செருப்பு போதாதா?

கட்டைவிரல் போனால் அது தாங்கிய எடை பக்கத்து விரல்களுக்கும் முன்பாதத்துக்கும் போகும். அடுத்த புண் அங்கேதான். அந்தக் காலியிடத்தை மென்மையான பொருளால் நிரப்பி, அடியைக் கெட்டியாக்கி, உள்ளடியை அச்சில் வார்த்துக் கொடுக்க வேண்டும். காலியிடத்தை நிரப்பாமல் விட்டால் செருப்பின் முன்பக்கம் மடிந்து காலின் நுனியிலேயே உரசும். மற்ற காலையும் மறக்காதீர்கள். எல்லா வேலையும் இப்போது அதன் தலையில். ஜோடியாகத்தான் செய்ய வேண்டும்.

போலியோவால் ஒரு கால் குட்டை. முழு வித்தியாசத்துக்கும் உயரம் வைத்துக் கொடுப்பீர்களா?

பொதுவாக இல்லை. 1 சென்டிமீட்டர் வரை செருப்புக்கு உள்ளேயே வைக்கலாம், வெளியே தெரியாது. அதற்கு மேல் அடியில் கட்ட வேண்டும். எடை குறைந்த பொருளில், குதிகாலில் உயரமாகவும் விரல் பக்கம் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். பல வருஷம் குட்டைக் காலோடு நடந்து முதுகும் இடுப்பும் அதற்குப் பழகியவருக்கு ஒரேயடியாக முழு உயரம் கொடுத்தால் இடுப்பு வலி வரும், கால் தட்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம்.

முழங்காலைப் பூட்டும் காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டவர்களுக்கு வேண்டுமென்றே 1 சென்டிமீட்டர் போலக் குறைத்து வைப்பது வழக்கம். முழங்கால் மடங்காமல் நேராக இருக்கும் காலை முன்னே வீசும்போது தரையில் தட்டாமல் போக அந்த இடைவெளி வேண்டும்.

குழந்தைக்குத் தட்டைப்பாதம். பள்ளி ஷூவில் வளைவு வைத்துத் தர முடியுமா?

ஐந்தாறு வயது வரை பாத வளைவு தெரியாமல் இருப்பது சகஜம். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு எழுந்து, வலியும் இல்லை என்றால் எந்தச் செருப்பும் வேண்டாம். இந்தியாவில் 2300 குழந்தைகளைப் பார்த்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஷூ போடும் பழக்கம் உள்ளவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும் வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. வீட்டிலும் மணலிலும் குழந்தை வெறுங்காலோடு ஓடட்டும். வலி இருந்தாலோ, பாதம் விறைப்பாக இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் அப்படி இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறவியிலேயே உள்நோக்கி வளைந்த பாதம் வேறு விஷயம். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு முறை மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நேராக்குவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டும் வேண்டியிருக்கும். அப்புறம்தான் நடுவே கம்பி வைத்த ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும் நேரமெல்லாம். கால் நேராகிவிட்டதே, குழந்தை அழுகிறதே என்று பெற்றோர் பாதியில் நிறுத்துவதுதான் பாதம் மறுபடி வளைவதற்கு முதல் காரணம். பாட்டி பாவம் பார்த்துக் கழற்றுவார். பாட்டியையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்களே விளக்கிச் சொல்கிறோம்.

குதிகால் வலிக்குச் செய்வீர்களா?

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போகிற வலி, நடக்க நடக்கக் குறைகிறது என்றால் அது உள்ளங்கால் சவ்வின் வலி. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும். மென்மையான குதிகால் மெத்தை, நல்ல ஆயத்தச் செருப்பு, கெண்டைக்கால் தசையையும் பாதத்தையும் நீட்டும் பயிற்சி இவற்றிலேயே பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும். அளவெடுத்துத் தைக்கும் செலவு தேவையில்லை.

வீட்டுக்குள்ளும் போட வேண்டுமா? எங்கள் வீட்டில் செருப்பை வாசலில்தான் விடுவோம்.

ஆமாம், போட வேண்டும். எல்லாக் கேள்விகளிலும் நான் அதிக நேரம் பேசுவது இதற்குத்தான். வயதானவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் வைக்கும் அடிகளில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேதான். சமையலறையில் கல் தரையில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வாசலோடு நின்றுவிடும் செருப்பு, காலைக் காப்பது நாளில் கொஞ்ச நேரம்தான்.

வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அது வெளியே போகாது, தெரு அழுக்கு உள்ளே வராது. படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ராத்திரி எழுந்தாலும் முதல் அடி அதில்தான் விழ வேண்டும். பூஜை அறை வாசலில் கழற்றிக்கொள்ளலாம். அம்மாக்கள் தயங்கினால், மருமகளோ மகனோ ஒரு வார்த்தை "போட்டுக்கொண்டே இருங்கள்" என்று சொன்னால் தயக்கம் போய்விடும்.

கோயில் பற்றியும் கேட்பார்கள். வெயில் ஏறிய பிரகாரக் கல், உணர்ச்சி இல்லாத காலை நிமிஷத்தில் கொப்புளிக்க வைத்துவிடும், அவருக்கு அது வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பழனி பாதயாத்திரை அதைவிடப் பல மடங்கு. உணர்ச்சி போன காலோடு இவற்றை வெறுங்காலில் நடக்கவே கூடாது. நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்தலாம். தீமிதி பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சூட்டோடு சேர்த்துத் தவிர்க்க வேண்டியவை இன்னும் சில: கால் மரத்தால் வெந்நீரில் வைப்பது, வெந்நீர்ப் பை ஒத்தடம், பைக் சைலன்சர். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் கார்ன் கேப்பும் கூடாது, அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். பிளேடால் காய்ப்பை நீங்களே சீவ வேண்டாம்.

புதுச் செருப்பை வாங்கியதும் நாள் முழுக்கப் போடலாமா?

வேண்டாம். முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு தெரிந்து இருபது நிமிஷத்தில் மறைந்தால் சரி, மறையாவிட்டால் அந்த இடம் இடிக்கிறது. மார்க் பண்ணி எங்களிடம் கொண்டு வாருங்கள், தேய்த்தோ வெட்டியோ சரிசெய்வோம். பிரச்சினை இல்லை என்றால் தினமும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். கல், சிதறிய பருக்கை, குழந்தையின் விளையாட்டுச் சாமான் எதுவும் கிடக்கலாம். இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடியில் அடிப்பக்கம் பார்த்து, வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை கண்டிப்பாகத் திரும்ப வர வேண்டும். செருப்பை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை என்றால் எனக்கு நிம்மதி இருக்காது.

பார்த்தாலே நோயாளிச் செருப்பு என்று தெரிகிறதே. மகள் கல்யாணத்துக்கு எப்படிப் போட்டுக்கொண்டு நிற்பது?

நியாயமான வருத்தம். தொழுநோய்க்கென்று ஒரே மாதிரி செய்து கொடுத்த காலத்தில், அந்தச் செருப்பைப் பார்த்தே ஆளை ஒதுக்கினார்கள். அதனாலேயே பலர் போடாமல் விட்டுக் காலை இழந்தார்கள். காலைக் காக்கும் எதுவும் மனிதரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. உள்ளடிதான் எங்களுக்கு முக்கியம். மேல்தோலின் நிறம், வடிவம், பக்கிளா வெல்க்ரோவா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். மெரூன், பழுப்பு, கறுப்பு, பூவேலை வைத்த பெல்ட், மூடிய ஷூ எல்லாம் முடியும். புடவைக்குப் பொருத்தமாகக் கேட்டு வாங்கிப் போன அம்மாக்கள் உண்டு. நீங்களும் கேளுங்கள்.

செலவு எவ்வளவு? இலவசமாகக் கிடைக்குமா?

ஆயத்த எம்.சி.ஆர். செருப்பு சில நூறு ரூபாயில் தொடங்கும். அச்சு எடுத்துச் செய்வது சில ஆயிரம் ஆகும். தொழுநோயால் உணர்ச்சி இழந்தவர்களுக்குத் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் அரசே எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகத் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோய் குணமாகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் உணர்ச்சி இல்லாத கால் இருந்தால் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயில் இருந்து குணமானவர்களும் ஒரு பிரிவு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் காலிபர், உயரம் வைத்த ஷூ போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது.

எத்தனை நாள் உழைக்கும்? அறுந்தால் தெருமுனையில் தைத்துக்கொள்ளலாமா?

மேல்தோல் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கும். உள்ளடி அப்படி இல்லை, தினமும் நடந்தால் ஆறு மாதம் போலத்தான் அதன் துள்ளல் இருக்கும். விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செருப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, உள்ளடியை மட்டும் மாற்றித் தருவோம். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதலாக உழைக்கும். மழைக்காலத்தில் ஈரமானது காயும் வரை போட இன்னொன்று இருக்கும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால் பசை விட்டுவிடும்.

பெல்ட் அறுந்தால் தெருமுனையில் இருப்பவரிடம் தைத்துக்கொள்ளலாம், அவர்கள் கை தேர்ந்தவர்கள். ஆனால் "அண்ணே, ஆணி மட்டும் அடிக்காதீங்க, நூலால தைச்சு ஒட்டிக் கொடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கியதும் உள்ளே விரலை விட்டு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.